அருமையறி

“ஏம்மா, நீ எதையுமே அருமைன்னு சொல்லமாட்டேங்கற?” என்று மகள் ஒருமுறை சுகுணாவிடம் கேட்டாள். வரைந்த மயில் படத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். சுகுணா படத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

சுகுணா தைக்கும் பனியன் கம்பெனியில் எல்லோர் சட்டையிலும் அருமையறி என்ற பொத்தான் குத்தியிருக்கும். பக்கத்தில் நடக்கும் வேலையைப் பார்த்து உள்ளுக்குள் வியந்தால் அது நீலமாக எரியும். நாடித்துடிப்பையும் கண்மணி விரிவதையும் வைத்துத்தான் முடிவு செய்யும். வாயால் ‘அருமை’ என்று நூறு முறை சொன்னாலும் எரியாது. எரிந்த நொடியில், மேலே தொங்கும் பயில்கரம் என்ற இயந்திரக் கை தைத்தவரின் கையசைவைப் படித்துக்கொள்ளும். அதன்பின் அந்த வேலை இயந்திரத்துக்கு. தைத்தவருக்கு அன்றைக்கே சால்வை போர்த்தி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் பெண்கள் ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதில்லை. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்வையைத் தாழ்த்தினார்கள். மூன்று வருடத்தில் அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று; பார்வை தானாகவே தரையில் நின்றது.

“தரையப் பாத்துப் பாத்தே கூன் விழுந்துருச்சு புள்ள” என்றாள் பக்கத்து மிஷின் பாவாத்தாள். அவள் வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

“கூன் விழட்டும்க்கா. சால்வை விழாம இருந்தாச் சரி.”

அன்று மதியம் ஒரு குழந்தைக் கவுனின் கை முறுக்கிக்கொண்டு வந்தது. பிரித்துத்தான் தைக்க வேண்டும். பாவாத்தாள் பிரிக்கவில்லை. துணியை அரைச்சுற்று திருப்பி, ஒரே ஓட்டாக ஓட்டினாள். முறுக்கு காணாமல் போனது. நூல் எடுக்கத் திரும்பிய சுகுணாவின் கண் அதில் விழுந்துவிட்டது.

பொத்தான் எரிந்தது. உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கில் நீலம் கசிந்தது. மேலே பயில்கரம் சத்தமில்லாமல் ஒருமுறை திரும்பியது.

“அக்கா, நா வேணும்னு பாக்கல.”

பாவாத்தாள் கவுனைத் தூக்கிப் பார்த்தாள். “அத்தன நல்லாவா இருந்துது?”

“ம்.”

“முப்பது வருசமாத் தைக்கிறேன். ஒருத்தரும் சொன்னதில்ல.” அவள் முகம் லேசாக மலர்ந்தது. “வாயத் தொறந்துதான் ஒருக்காச் சொல்லேன்.”

சுகுணா கையை எடுத்தாள். “அருமையா இருக்குதுக்கா.”

பொத்தான் அணைந்தே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சுகுணா மறுபடி சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. எரியவில்லை.

வரிசையின் கோடியில் சூப்பர்வைசர் சால்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாவாத்தாள் நூலை அறுத்தாள். சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, அவரையும் தாண்டி, சால்வைக்கு நிற்காமல் வெளியே போனாள்.