மலைக்கு ஒரு ஜாக்கெட்

"அந்த ஜாக்கெட்டைக் கழட்டுங்க!"

முன்பின் தெரியாத ஒரு ஆணிடம், நாலு பேர் நடமாடும் கடையில் ஒரு பெண் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அவள் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் கழற்றுவதற்காகக் காத்திருக்கவும் செய்தாள்.

குளிர்கால உடைகளுக்கென்றே இருந்த அந்த இரண்டாவது மாடியில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தான் அவன். உடம்பில் நீல நிற ஜாக்கெட். இடுப்பளவு நீளம், மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்ளும் உள்பட்டி, உள்ளே திண்ணென்ற பஞ்சு... மதியம் வந்து பார்த்துவிட்டு, "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று கடைக்காரரிடம் அவள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போன அதே ஜாக்கெட். அந்த அளவில் அது ஒன்றுதான் மிச்சம்.

"கழட்டணும்னு எனக்கும் ஆசைதாங்க" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்தபடியே. "அதுக்குத்தான் மனசு வரல போலிருக்கு."

அப்போதுதான் அவள் கவனித்தாள். கழுத்துக்கு அடியில், ஜிப்பின் பல்லில் உள்துணி சிக்கி இறுகியிருந்தது. மேலேயும் போகாமல், கீழேயும் வராமல்... அவன் முகம் காலருக்கு மேலே பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் முக்கால்வாசி கண்கள். சிரிக்கும்போது வலது கண் கொஞ்சம் முந்திக்கொண்டு சிரித்தது.

சண்டைக்கு வந்தவளுக்கு ஒரு நொடி எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோனது. என்ன கண்ணடா இது... சரி சரி, வந்த வேலையைப் பார்.

"எங்க பிடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தாள்.

"எல்லா இடத்துலயும்தான்."

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். "என்ன சார், பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க. விடவே மாட்டேங்குது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குறடை வெளியே எடுத்தாள்.

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். "அய்யோ... யாருங்க கைப்பையில குறடு வெச்சிருப்பாங்க?"

"ரோட்டு சிக்னல் ரிப்பேர் பண்றவ வெச்சிருப்பா. ஆடாம நில்லுங்க. தலையைத் தூக்குங்க. பேசாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

குறட்டின் முனையால் துணியை நூல் நூலாக விடுவித்தாள். அவன் மூச்சு அவள் விரல்களில் பட்டுப் பட்டு விலகியது. மின்கம்பிகளிடம் ஒருநாளும் நடுங்காத அந்த விரல்கள் இப்போது எதற்காக இப்படித் தடுமாற வேண்டும்? அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. வெடுக்கென்று ஒரு இழு... ஜிப் இறங்கியது.

"ரொம்ப நன்றிங்க" என்றான், முழு முகத்தோடு.

"இருங்க... உங்க குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே?"

"ஓரிரு இடங்கள்ல கேட்டிருக்க வாய்ப்பிருக்கு."

அவள் கண்கள் விரிந்தன. "வானிலை! காலைல ரேடியோவுல வானிலை வாசிக்கிறது நீங்கதானே?"

அவன் பெருமையாகத் தலையாட்டினான். பாவம், அடுத்து வரப்போவது அவனுக்குத் தெரியாது.

"உங்களைத்தாங்க தேடிட்டிருந்தேன். போன வாரம் மழைக்கு வாய்ப்பில்லைன்னு சொன்னீங்க. நான் நாற்சந்தியில தூக்கு வண்டிக் கூடையில நின்னு வேலை பார்க்கறேன், கொட்டித் தீர்த்துடுச்சு. காதுக்குள்ள வரைக்கும் தண்ணி!"

"வாய்ப்பு குறைவுன்னுதாங்க சொன்னேன்..."

"என் காதுக்குள்ள போனது குறைவான தண்ணியா? இந்த வருஷம் குளிரும் குறைவா இருக்க வாய்ப்பிருக்குன்னு நேத்துதான் சொன்னீங்க. எங்களுக்கெல்லாம் அப்படிச் சொல்லிட்டு, கடையில இருக்கிற கனமான ஜாக்கெட்டையெல்லாம் நீங்க வந்து அள்ளறீங்க!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "குளிர் ஊருக்குத்தாங்க குறைவு, எனக்கு அதிகம். மலை மேல ஒரு வானிலை நிலையம் இருக்கு. ரெண்டு வருஷம் அங்க வேலைன்னு கூப்பிட்டிருக்காங்க. அனேகமா போவேன். போகாம இருக்கவும் வாய்ப்பிருக்கு..."

"மலைக்கா? இதைப் போட்டுக்கிட்டா?" அவளுக்குள் இருந்த கோபம் போய் அக்கறை வந்து உட்கார்ந்துகொண்டது. "இது கூடையில நின்னு கையைத் தூக்கி வேலை செய்யறவங்களுக்கு. இடுப்புல பெல்ட் கட்டணும், அதுக்காகத்தான் குட்டை. நீங்க போட்டுக்கிட்டுக் குனிஞ்சா முதுகெல்லாம் காத்து வாங்கும்."

"அப்ப அது?" என்று புசுபுசுவென்று தொங்கிய ஒரு வெள்ளை ஜாக்கெட்டைக் காட்டினான்.

"பார்க்க அழகா இருக்கு, இல்ல? உள்ள இருக்கிறது பறவை இறகு. காய்ஞ்ச குளிருக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா மலையில மூடுபனி இருக்குமே, ஈரம் பட்டா இறகெல்லாம் கட்டி தட்டிடும், அப்புறம் சூடு நிக்காது. உங்களுக்கு வேண்டியது செயற்கைப் பஞ்சு வெச்சது. முட்டி வரைக்கும் நீளம். ஜிப்புக்கு மேல காத்தை மறைக்க ஒரு பட்டி. உள்ள கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு அளவு பார்க்கணும்."

அப்படியொன்று அடுத்த சரக்கில்தான் வரும் என்றார் கடைக்காரர். நீல ஜாக்கெட்டை அவளுக்காகப் பையில் போட்டுக் கொடுத்தார். படியிறங்கும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சரக்கு வந்ததும்... நீங்களும் வர வாய்ப்பிருக்கா?"

"பார்க்கலாம்" என்றாள். பெண்களின் 'பார்க்கலாம்' எத்தனை வகை என்பது வானிலை படித்தவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை தூக்கு வண்டியின் ரேடியோ வழக்கம்போலப் பேசியது. காற்று, ஈரப்பதம், மேகமூட்டம்... எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தழைந்தது. "உயரத்தில் நின்று வேலை செய்பவர்கள் இன்று காதை மூடிக்கொள்வது நல்லது."

வண்டி ஓட்டுபவரை அலுவலகமே பெரியப்பா என்றுதான் கூப்பிடும். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல உயரத்துல நின்னு வேலை பார்க்கறவங்க எத்தனை பேர்?"

"நிறையப் பேர் இருப்பாங்க பெரியப்பா."

"இருப்பாங்க, இருப்பாங்க. ஆனா காது சிவந்திருக்கிறது உனக்கு மட்டும்தான்."

அதன் பிறகு தினமும் ஒரு வரி அவளுக்காக வந்தது. கையுறை மறக்க வேண்டாம்... மதியத்துக்குப் பிறகு ஏணி வழுக்கும்... அவள் வேலை பார்க்கும் சந்திப்புகளில் அவனும் அடிக்கடி தென்பட ஆரம்பித்தான். பச்சை விழுந்ததும் கூட்டம் சாலையைக் கடந்துவிடும். அவன் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பான். வேலை முடிந்ததும் காகிதக் கோப்பையில் காபி, பத்து நிமிடப் பேச்சு, ஓயாத கிண்டல். வீட்டில் அண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். "குளிர்ல சிவந்த கன்னம் வீட்டுக்குள்ள வந்தா வெளுக்கணும். உனக்கு என்னடி, போன் அடிச்சா திரும்பச் சிவக்குது?"

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சரக்கு வந்து சேரும் வரையில்.

கரும்பச்சை நிறம். முட்டி வரை நீளம். கம்பளிச் சட்டைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு அவன் கண்ணாடி முன் நின்றபோது, அவனுக்காகவே தைத்ததுபோல் பொருந்தியது. அவள் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த காலரை இன்னொரு முறையும் சரிசெய்தாள். கண்ணாடிக்குள் இரண்டு ஜோடிக் கண்கள் சந்தித்து, நகர மறந்து நின்றன.

சொல்லுடா... சொல்லித் தொலையேன்... என்றது அவள் மனசு.

"நான் மலைக்குப் போகாம இருக்கவும் வாய்ப்பிருக்கு" என்றான் மெல்ல.

"ஏன்?"

"ஒருவேளை... உங்களுக்கு என் மேல... அப்படி ஏதாவது இருக்க வாய்ப்பிருந்தா..."

அவள் காலரை விட்டுவிட்டாள்.

"வாய்ப்பு! வாய்ப்பு! இதை விட்டா உங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதா? நான் சிக்னல்காரிங்க. சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. மஞ்சளையே எரிய விட்டுட்டு நடுரோட்டுல என்னை நிக்க வைக்காதீங்க. பிடிச்சிருக்கா, இல்லையா?"

அவன் முகம் வாடியது. ஆனால் குரல் வாடவில்லை. "தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா, என் தொழில்ல அதுக்குப் பேரு பொய். என் மனசு எனக்குத் தெரியும். உங்க மனசு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம எதை நம்பி நான் ஒரு வேலையை விடறது?"

"என்னைக் கேட்டா வேலைக்குச் சேர்ந்தீங்க? என்னைக் கேட்டு எதுக்கு விடணும்? தாராளமா போங்க. மேகம் உங்களை எதிர்க்கேள்வி கேட்காது."

அவன் ஜாக்கெட்டைக் கழற்றினான். இம்முறை ஜிப் எங்கும் சிக்கவில்லை. அதை ஒழுங்காகத் ஹேங்கரில் மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வரேங்க" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கிப் போனான்.

போகட்டுமே! எனக்கென்ன? என்று வீறாப்பாகத்தான் வீட்டுக்கு வந்தாள். வீறாப்பு சோறு சாப்பிடும் வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ரேடியோவில் காற்றும் ஈரப்பதமும் மட்டும் வந்தன. உயரத்தில் நிற்பவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சந்திப்புகளில் பச்சை விழுந்ததும் எல்லோருமே கடந்து போனார்கள்.

பிறகு ஒரு காலை, வானிலையை ஒரு பெண்ணின் குரல் வாசித்தது.

கையுறை மாட்டிக்கொண்டிருந்தவள் ரேடியோ பக்கம் திரும்பினாள். பெரியப்பா ஒலியைக் குறைத்தார். "அந்தத் தம்பி இன்னிக்கு மத்தியானம் ரேடியோ ஆபீஸ்லேர்ந்து மலைக்குக் கிளம்பறாராம். நீ ஏறறதுக்கு முன்னாடிதான் ரேடியோவுல வாழ்த்துச் சொன்னாங்க."

இவ்வளவுதானா? அவ்வளவுதானா எல்லாம்? அந்த மலையில் அவன் எதைப் போட்டுக்கொள்வான்? கடையிலேயே விட்டுவிட்டுப் போனானே... கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நீரோடு சேர்ந்து ஒரு உண்மையும் வந்தது. வானத்தைக் கணிக்க அவனுக்குக் கருவிகள் இருக்கின்றன. தன் மனதைக் கணிக்க அவள் என்ன கொடுத்தாள்? ஒரு 'பார்க்கலாம்', கொஞ்சம் கிண்டல், ஒரு கோபம். தான் வாயைத் திறக்காமல், அவன் மட்டும் உறுதியாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? தினம் ஒரு வரி சொன்னவன் அவன். ஒரு வரிகூடச் சொல்லாதவள் அவள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடந்தது நடந்துவிட்டது, இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

"பெரியப்பா, மத்தியானம் அரை நாள் லீவு போடறேன். என்னை ஜாக்கெட் கடையில இறக்கி விடறீங்களா?"

"கடையில மட்டும் போதுமா? ரேடியோ ஆபீசுக்கும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்" என்றாள், சிவந்த காதுகளோடு.

அவள் போய்ச் சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வானொலி நிலையத்தின் வாசற்படியில் பெட்டியோடு நின்றிருந்தான் அவன். மேலே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை மட்டும். தூக்கு வண்டியிலிருந்து குதித்து வருபவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த குடை தானாகவே அவள் பக்கம் சாய்ந்தது.

"பெட்டியைக் கீழ வைங்க. கையை நீட்டுங்க."

பையிலிருந்து கரும்பச்சை ஜாக்கெட் வெளியே வந்தது. ஒரு கை, மறு கை... ஜிப்பை நிதானமாகக் கழுத்து வரை ஏற்றி, மேல்பட்டியை ஒட்டினாள். இன்றைக்கு அவள் விரல்கள் தடுமாறவில்லை.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள், அவன் கண்களை நேராகப் பார்த்து. "முதல் நாள், பாதி முகம் தெரிஞ்சப்பவே பிடிச்சிருந்தது. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லாம உங்களைத் திட்டினது தப்பு. வேலையை விடச் சொல்ல வரல... போங்க. நல்லா வேலை பாருங்க. ரெண்டு வருஷம் என்ன, அதுக்கு மேலயும் எனக்கு உங்களைப் பிடிக்கும். இதுதான் என் மனசு. இனிமே தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

அவன் வலது கண் முதலில் நனைந்தது, பிறகு இடது கண். அவள் கையைப் பற்றிக்கொண்டான்... அந்தக் குளிரிலும் அவன் உள்ளங்கை கதகதவென்று இருந்தது.

"நானும் உங்களை அவ்வளவு நேசிக்கறேன்" என்றான் கடைசியில், ஒரு வார்த்தைகூட இழுக்காமல். "வர்ற ஞாயித்துக்கிழமை மலையிலேர்ந்து இறங்கி உங்க வீட்டுக்கு வரேன். உங்க அண்ணன், அண்ணிகிட்டப் பேசறேன்."

நாளைய வானத்துக்குக்கூட வாக்குக் கொடுக்காதவன் சொல்கிற பேச்சா இது? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பனி இறங்கிப் பாதையை மூடிட்டா?"

"நடந்து இறங்குவேன்."

"மழை பிடிச்சுக்கிட்டா?"

"நனைஞ்சுக்கிட்டே வருவேன்" என்றான். "உன்னைக் கட்டிக் கொடுங்கன்னு கேட்க வர்றவன் வானத்தைப் பார்த்துட்டா கிளம்புவான்?"