குஸ்கோ மலையில் ஒரு சங்கு

"நாச்சு, நான் ஒரு புதையலைக் கண்டுபிடிச்சுட்டேன்! யார்கிட்டயும் சொல்லாத, முக்கியமா..."

அவ்வளவுதான். அண்ணன் அடைக்கலத்தின் குரல் அந்த இடத்தில் அறுந்துவிட்டது. பிறகு அவன் கைபேசி எடுக்கப்படவே இல்லை. பழைய கோயில் கற்களை ஆராய்கிறவன் அவன். இன்கா அரசர்களின் தலைநகரைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று அடம்பிடித்து, ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் குஸ்கோ நகருக்குப் போனவன். போன இடத்தில் காணாமல் போய்விட்டான்!

காரைக்குடியில் ஆத்தா சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். "எம்புள்ளைய உயிரோட கொண்டாந்து கண்ணுல காட்டு" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாச்சம்மை கிளம்பிவிட்டாள். துணைக்குச் சித்தப்பா மகன் சேவுகன். சென்னைக் கம்பெனியில் ஸ்பானிஷ் வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் அவன் பிழைப்பு. அந்த ஊர் பாஷைக்கு அவன்தான் வாய்.

நாச்சம்மையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வங்கியில் தணிக்கை வேலை. வேலை அவள் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். யாராவது சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பாள். இப்பேர்ப்பட்டவளிடம் "புதையல், யார்கிட்டயும் சொல்லாத" என்று சொன்னால் என்ன ஆகும்? விமானத்தில் இறங்கும்போதே குஸ்கோ முழுக்கத் திருடர்களாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன் தங்கியிருந்த விடுதி ஒரு குறுகலான சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் வில்மா. ஐம்பது வயதிருக்கும். உயரமான தொப்பி, இரட்டைப் பின்னல், பல அடுக்குப் பாவாடை. அவள்தான் விடுதிக்காரி. இருவரையும் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினாள்.

"ஆச்சி, அண்ணன் பழைய கல்குவாரியப் பாக்கணும்னு மலைக்குப் போனாராம். அப்புறம் மழை கொட்டி மலை சரிஞ்சு பாதையே போச்சாம். போலீஸ் வேற பக்கமாத் தேடிட்டுத் திரும்பிட்டாங்களாம். இப்ப மழை விட்டிருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாங்க" என்றான் சேவுகன். அவர்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன்? அவுகளுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் நாச்சம்மை. அவள் கண் வேறெங்கோ இருந்தது. சுவர் ஆணியில் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது. அது ஆத்தா ஓரம் அடித்துக் கொடுத்த துண்டு! அண்ணன் உடம்பை விட்டு அகலாத துண்டு இவளிடம் எப்படி வந்தது?

வில்மா பச்சை இலை மிதக்கும் வெந்நீரை மூன்று கோப்பையில் கொண்டு வந்தாள். தன் கோப்பையிலிருந்து முதலில் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டுத்தான் குடித்தாள்.

"பாத்தியாடா? எதுக்குக் கீழ ஊத்துறா?"

"பூமித்தாய்க்குக் குடுக்கறாங்களாம். இது கொக்கா இலைத் தண்ணி. இந்த உயரத்துல தலைவலிக்கு இதான் மருந்தாம். குடிங்க."

"நான் மாட்டேன். நீயும் குடிக்காத!"

சேவுகன் குடித்துவிட்டுக் குஷியாக இருந்தான். நாச்சம்மை குடிக்காமல், தலை வெடித்துவிடும் போலப் பொழுதெல்லாம் முனகினாள். அதற்கும் வில்மாமேல்தான் சந்தேகப்பட்டாள். என்னத்தைச் சொல்ல!

மறுநாள் காலை வில்மாவோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். கால் போன இடமெல்லாம் கல். தெருவின் இரண்டு பக்கமும் கருத்த பெருங்கற்கள், சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நின்றன. ஒரு கல்லுக்குப் பத்துக்கும் மேற்பட்ட மூலைகள். பக்கத்துக் கல் எப்படி வளைகிறதோ அப்படியே இதையும் செதுக்கியிருந்தார்கள். நம்பாத நாச்சம்மை கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. வேறொரு இடத்தில் குத்தினாள். ஊசிதான் வளைந்தது.

சூரியக் கோயில் இருந்த இடத்தில், அதே அடிச்சுவர்மேல் வெள்ளைக்காரர்கள் மாதாகோவில் கட்டியிருந்தார்கள். "பெரிய பூகம்பம் வந்தப்ப மேல கட்டினது சரிஞ்சுதாம், கீழ இருந்த இன்கா சுவர் அசையலையாம்" என்று சேவுகன் வாய் ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான். செவ்வோட்டுக் கூரைகள் மலைச்சரிவு முழுக்கப் படர்ந்திருந்தன. சந்தையில் ஊதாச் சோளமும் விதவிதமான உருளைக்கிழங்கும் குவிந்து கிடந்தன. அண்ணன் இந்த ஊருக்கு ஏன் உருகினான் என்று அவளுக்கு ஒரு கணம் புரிந்தது. உடனே மனதைக் கெட்டியாக்கிக்கொண்டாள். வேடிக்கை பார்க்கிற நேரமா இது?

வில்மாவின் முதுகு மூட்டையில் கனமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அதைத்தான் நாச்சம்மை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"துப்பாக்கிடா அது!"

"ஆச்சி, சும்மா வாங்க. யாராச்சும் துப்பாக்கிய மூட்டைல கட்டிச் சுமப்பாங்களா?"

மலையடிக் கிராமத்தில் பேருந்து நின்றது. அங்கே வில்மா இரண்டு வாட்டசாட்டமான ஆட்களிடம் பேசினாள். பேச்சு ஸ்பானிஷில் இல்லை. மலை மக்களின் கெச்சுவா மொழியில்.

"என்னடா சொல்றா?"

"இது எனக்குத் தெரியாத பாஷை ஆச்சி" என்று சேவுகன் கையை விரித்தான்.

அந்த ஆட்கள் நாச்சம்மையை ஏற இறங்கப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். நாச்சம்மை மனதுக்குள் கணக்குப் போட்டாள். புதையல் இருக்கும் இடம் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. அதனால் தங்கையைப் பிடித்து வைத்து மிரட்டப் போகிறார்கள்! கணக்கு அவளுக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

ஏறினார்கள். மூச்சு வாங்கியது. பாதை பிரியும் இடத்திலெல்லாம் வில்மா குனிந்து, சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கும்பிடுவதுபோல் தொட்டுவிட்டு நடந்தாள்.

"மலைக்கு மரியாதையாம். பின்னால வர்றவங்களுக்கு வழியும் தெரியுமாம்" என்றான் சேவுகன்.

பின்னால் வருகிறவர்களா! நாச்சம்மை சட்டென்று திரும்பினாள். தூரத்துச் சரிவில் இரண்டு புள்ளிகள் அசைந்தன. அதே இரண்டு ஆட்கள்தான். அவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. "இருடி, உன் தந்திரம் எங்கிட்டயா!" என்று முணுமுணுத்தாள். கடைசி ஆளாக நடந்து, வில்மா அடுக்கிய ஒவ்வொரு அடுக்கையும் காலால் எத்திச் சிதறடித்துக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் கற்களைப் பொறுக்கி, தவறான பாதையில் அடுக்கியும் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தபோது புள்ளிகளைக் காணோம். அவள் மனதுக்குள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

நடுப்பகலில் பாதை நின்றுபோனது. முன்னால் மலையே பிய்த்துக்கொண்டு சரிந்து, பெரிய சேற்றுப் பள்ளமாகக் கிடந்தது. வில்மா எதிர்ப்பக்கத்தைக் காட்டிப் பேசினாள்.

"அந்தப் பக்கம்தான் குவாரியாம். ஆடு மேய்க்கிறவங்க குடிசை ஒண்ணு இருக்காம். அண்ணன் உயிரோட இருந்தா அங்கதான் இருப்பாராம். இனிமே நாம போக முடியாது, அவங்க மருமகனுங்க ரெண்டு பேரும் கயிறும் பலகையும் கொண்டு வர்றாங்களாம். அதுக்குத்தான் வழியெல்லாம் கல் வச்சாங்களாம்."

நாச்சம்மை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "பொய்யா இருக்கும்" என்றாள். குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

அப்போதுதான் பனிமூட்டம் இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் பள்ளம் மறைந்தது, சேவுகன் மறைந்தான், தன் கையே அவளுக்கு மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைக்குள்ளிருந்து வில்மாவின் கை அவளை நோக்கி நீண்டது. "தொடாத!" என்று கத்திக்கொண்டே நாச்சம்மை பின்வாங்கினாள். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. காலடி மண் பொலபொலவென்று உதிர்ந்தது!

"ஆச்சீ!"

விழவில்லை. வில்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். பற்றிய வேகத்தில் முகம் குப்புறப் பாறையில் மோதினாள். ஆனாலும் பிடியை விடவில்லை. சேவுகன் தட்டுத்தடுமாறி வந்து இருவரையும் மேலே இழுத்துப் போட்டான். வில்மாவின் இரண்டு உதடும் கிழிந்து ரத்தம் கொட்டியது. அந்த நிலையிலும் அவள் பின்பக்கம் பார்த்து எதையோ கேட்டாள்.

"பசங்களை இன்னும் காணோமே, கல் வச்சும் ஏன் வரலைன்னு கேக்கறாங்க" என்றான் சேவுகன்.

நாச்சம்மை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனைக் காப்பாற்ற வந்த கைகளை அவளே வழி மாற்றி அனுப்பிவிட்டாள். அண்ணன் எதிர்ப்பக்கம் செத்துக்கொண்டிருந்தால்? ஆத்தா முகத்தில் எப்படி முழிப்பாள்?

"நாந்தான் கலைச்சேன். எல்லாத்தையும் கலைச்சேன். சொல்லுடா அவுகட்ட, ஒண்ணு விடாம சொல்லு!" ஓவென்று அழுதாள்.

சேவுகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வில்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. முதுகு மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். துப்பாக்கி வெளியே வந்தது. அதாவது, நாச்சம்மை துப்பாக்கி என்று நினைத்தது!

அது சங்கு! கடலே கண்ணுக்கெட்டாத அந்த மலையில், வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய சங்கு!

மலையில் ஆளைக் கூப்பிட அந்த மக்கள் சங்குதான் ஊதுவார்கள். வில்மா வாயில் வைத்தாள். கிழிந்த உதட்டில் காற்று நிற்கவில்லை. 'புஸ்' என்ற சத்தமும் ரத்தமும்தான் வந்தன. சேவுகன் வாங்கிக் கன்னம் உப்ப ஊதினான். அதுவும் புஸ்தான்.

"குடுடா இப்படி" என்றாள் நாச்சம்மை.

அவள் வீட்டு வழக்கம் அது. நல்ல காரியம் என்றால் வீட்டுப் பெண்கள்தான் சங்கு ஊத வேண்டும். பொங்கல் பானை பொங்கும்போது பாவாடை கட்டிய வயதிலிருந்து ஊதுகிறவள் அவள். 'மாடு கத்துது, மாடு கத்துது' என்று அண்ணன் கேலி செய்வான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஊதினாள். பூம்ம்ம்! நீட்டி நீட்டி, முடிவில் ஒரு வெட்டு. வீட்டு முற்றத்தில் ஊதும் அதே ஊதல். மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மறுபடி ஊதினாள். மறுபடியும். நெஞ்சு வலித்தது, காது அடைத்தது. நிறுத்தவில்லை.

எதிர்ப்பக்கத்து வெள்ளைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"மாடு கத்துதுடோய்!"

உயிர் போய் உயிர் வந்தது! "அண்ணே!" என்று அலறிவிட்டு நாச்சம்மை சங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். சேவுகன் அந்தச் சேற்றிலேயே குதித்தான்.

சங்கொலியைப் பிடித்துக்கொண்டே இரண்டு மருமகன்களும் பின்னாலிருந்து வந்து சேர்ந்தார்கள். பனி விலகியதும் கயிறு கட்டினார்கள், பலகை போட்டார்கள், அந்தப் பக்கம் போனார்கள். அடைக்கலம் காலை முறித்துக்கொண்டு குடிசையில் கிடந்தான். ஒரு இடையர் குடும்பம் உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்து அவனை உயிரோடு வைத்திருந்தது. பாதை போய்விட்டதால் அவர்களாலும் கீழே இறங்கிச் சேதி சொல்ல முடியவில்லை.

"புதையல் எங்கண்ணே?" என்றான் சேவுகன்.

அடைக்கலம் கை காட்டினான். குடிசைக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு பெரிய கல் கிடந்தது. பத்துக்கு மேற்பட்ட மூலைகளோடு, பளபளவென்று செதுக்கி முடித்த கல். தலைநகரச் சுவருக்காகக் கிளம்பி, பாதி வழியில் நின்றுபோன கல். "ஊர்ல இதுக்கான எடம் இன்னும் எங்கயோ காத்துக்கிட்டு இருக்கும்டா" என்றான் அவன், வலியிலும் கண் மின்ன.

"இதுக்கா? யார்கிட்டயும் சொல்லாதன்னியே!" என்றாள் நாச்சம்மை.

"முக்கியமா ஆத்தாகிட்ட சொல்லாதன்னு சொல்ல வந்தேன். தனியா மலை ஏறுனேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருவாக. அதுக்குள்ள போன் செத்துப்போச்சு."

"அந்தத் துண்டு?"

"வந்த அன்னிக்கு மூச்சு முட்டிக் கெடந்தேன். வில்மாம்மாதான் இலைத் தண்ணி குடுத்து ராவெல்லாம் முழிச்சிருந்தாக. குடுக்க எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

இறங்கும்போது அடைக்கலத்தைப் பலகையில் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் முன்னால் போனார்கள். நாச்சம்மை மறுபடியும் கடைசி ஆள். பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று, குனிந்து, சிதறிய கற்களைத் தேடிப் பொறுக்கி அடுக்கினாள். கடைசி அடுக்கை வைக்கும்போது பக்கத்தில் நிழல் விழுந்தது. வில்மா! வீங்கிய உதட்டோடு சிரித்து, ஒரு கல்லை எடுத்து நாச்சம்மையின் அடுக்கின் உச்சியில் வைத்தாள்.

அன்று விடுதியில் இலைத் தண்ணீர் வந்தபோது, நாச்சம்மை முதல் வாயைத் தரையில் சிந்திவிட்டு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

காலில் மாவுக்கட்டோடு மகன் காரைக்குடி வீட்டுப் படியேறியபோது, ஆத்தா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் தோலையும் உரித்தாள். பிறகு, "அப்படி என்னதான் இருக்கு அந்த ஊருல?" என்று கேட்டாள்.

"கல்லு ஆத்தா. ஊசி நுழையாத கல்லு. சொன்னா நம்ப மாட்டிய, போய்த்தான் பாக்கணும். அடுத்த தடவை நீங்களும் வாங்க. வில்மாம்மா வீட்டுலயே தங்கிக்கலாம்" என்றாள் நாச்சம்மை.

ஆத்தா கண்ணை இடுக்கினாள். "யாரு அது? நல்லவுகதானா? நல்லா விசாரிச்சியா?"

அடைக்கலமும் சேவுகனும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நாச்சம்மை சிரிக்கவில்லை.

"விசாரிச்சேன் ஆத்தா" என்றாள். "தேவைக்கு மேலயே விசாரிச்சுட்டேன்."