அட்டைச் சவர்க்காரம்

முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவர்களை இலங்கை மலைநாட்டின் நமுனுகுலப் பக்கம் அந்தக் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. முதுகில் ஏதாவது தொங்கினால் அது தேயிலைக் கொழுந்துக் கூடையாகத்தான் இருக்கும்.

அதனால், 1968 ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு காலை, கடைக்கார வாஹித்தின் மனைவி ஸகீனாவும், பத்து வயது மகள் றமீலாவும், ஸகீனாவின் தம்பி ஹுமைத்தும் காக்கிப் பைகளோடு தோட்டத்து றோட்டில் இறங்கியபோது, மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"என்ன ஸகீனா அக்கா, நீங்களும் கொழுந்து எடுக்கக் கிளம்பிட்டீங்களா?"

"ஓம். கங்காணியிட்டச் சொல்லி என்ர பேரையும் பதிஞ்சு வைங்க!" என்றாள் ஸகீனா. மலை முழுவதும் சிரிப்பு.

றமீலாவின் வகுப்புத் தோழி ரெங்கம்மா தொழிலாளர் லயத்திலிருந்து ஓடி வந்தாள். அவள் கையில் சிவப்புச் சவர்க்காரத் துண்டு ஒன்று இருந்தது. "காட்டுக்குப் போறீங்கல்ல? கால்ல நல்லாத் தேய்ச்சுக்க. அட்டை கிட்டயே வராது. அப்புறம், யானையைப் பார்த்தா ஒன்னு விடாம வந்து எங்கிட்டச் சொல்லணும்."

மழை மிகுந்த மலைநாட்டில் அட்டைக்கு மிஞ்சிய தொல்லை இல்லை. நாம் நடக்கும்போது நிலம் அதிரும். அந்த அதிர்வை உணர்ந்து, புல் நுனியில் எழுந்து நின்று அது காத்திருக்கும். உடம்பின் இரண்டு முனையிலும் உறிஞ்சும் வாய் போன்ற பிடிப்பு இருப்பதால் ஒட்டினால் விடாது. ஆனால் சவர்க்காரம் பூசிய காலில் பிடி வழுக்கும், காரமும் சுடும். அதனால் கொழுந்து எடுக்கப் போகிற எல்லார் காலிலும் அந்தச் சிவப்புச் சவர்க்கார மணம் வீசும். றமீலா அந்தத் துண்டைப் பையில் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் யானைதான்.

ஸகீனா பிறந்தது கிழக்குக் கரையில், பொத்துவிலில். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குடும்பமாக பஸ்ஸில் வரும் வழியில், லாகுகல காட்டில் யானைக் கூட்டம் ஒன்று றோட்டைக் கடந்தது. பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஐந்து வயது ஹுமைத்கூடப் பார்த்தான். ஸகீனா மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறாள். ஒருமுறை அடைமழை. ஒருமுறை வாந்தி. ஒருமுறை யானை நின்றதாம். ஆனால் மடியில் கைக்குழந்தை றமீலா வீறிட்டு அழுததில் ஸகீனா நிமிரவே இல்லை.

"எங்கட ராத்தா கண்ட ஒரே யானை, கனவுல வந்ததுதான்!" என்று ஹுமைத் பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிச் சிரிப்பார்.

"சிரி தம்பி, சிரி" என்பாள் ஸகீனா. ஆனால் அவள் முகம் சற்று வாடுவதை றமீலா கவனித்திருக்கிறாள்.

இந்த முறை திட்டம் தெளிவாக இருந்தது. முதலில் கடல். திரும்பும் நாளில் லாகுகலக் குளத்தருகே இறங்கி, கடைசி பஸ் வரும்வரை யானைக்குக் காத்திருப்பது. மறுநாள் வாப்பா வாஹித் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். அவர் வரும்வரை உம்மாதான் கடையைப் பார்க்கவேண்டும். அந்த ஒரு பின்னேரத்தை விட்டால் இனி எப்போதோ!

ஹுமைத் மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் சுழியோடி. கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. பொத்துவிலை அடுத்த உல்லைக் கடற்கரையில், பாறை மறைப்பில் கடல் குளம்போல் கிடந்த இடத்தில், றமீலாவுக்கு மூக்கையும் கண்ணையும் மூடும் கண்ணாடியையும் தன் சிலிண்டரின் மூச்சுக் குழாயையும் மாட்டிவிட்டார்.

சுழியோடியின் சிலிண்டரில் காற்று நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். அது அப்படியே வாய்க்குள் வந்தால் தாங்க முடியாது. அதனால்தான் இடையில் வட்டமாக ஒரு பெட்டி. அதற்குள் மெல்லிய றப்பர்த் தகடு. நாம் மூச்சை இழுத்தால் றப்பர் உள்ளே வளைந்து ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும், காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் றப்பர் நிமிர்ந்துகொள்ளும், காற்றும் நிற்கும். கேட்டால் மட்டும் கொடுக்கும் பெட்டி!

"மூச்சை மட்டும் அடக்கக்கூடாது" என்றார் மாமா. "மேல வர வர உள்ளுக்குள்ள இருக்கிற காத்து விரியும். ஊதின பலூன் மாதிரி. இழுத்து விட்டுக்கொண்டே இருக்கணும்."

கரையில் நின்ற உம்மாதான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் கையைப் பிடித்தபடி, அவர் மார்பளவு தண்ணீரில் றமீலா முழங்காலிட்டாள். சர்ர்ர்… காற்று வந்தது! குமிழிகள் காதருகே குலுங்கி மேலே ஓடின. எதிரே பாறையில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் 'கறுக் கறுக்' என்று எதையோ கடித்துத் தின்றன.

இன்னும் கிட்டப் பார்க்க றமீலா முழங்காலை நகர்த்தினாள். குபுக்கென்று மணல் கிளம்பியது. அந்த மணல் மேகம் கலைந்துபோகவில்லை. தண்ணீர் ஓடும் பக்கமாக மெல்ல மிதந்து, நேரே மீன்கள் மேல் போய்க் கவிந்தது. மீன்களைக் காணோம்.

மாமா கோபிக்கவில்லை. கையைப் பிடித்து அவளைப் பாறையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயும் மணல் கிளம்பத்தான் செய்தது. ஆனால் இப்போது அது மீன்கள் பக்கம் போகவில்லை. அவளுக்குப் பின்னால் ஓடிப்போனது. சற்று நேரத்தில் கிளிமீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

வெளியே வந்ததும், "உம்மா, மீன் தின்னுற சத்தம் கேக்குது!" என்று கத்தினாள் றமீலா.

"நீ உயிரோட வந்தியே, அது போதும்" என்றாள் உம்மா.

திரும்பும் நாளில், லாகுகலவில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மரங்களைக் கண்டதும் றமீலாவின் கை தானாகப் பைக்குள் போனது.

"இந்தக் காஞ்ச காட்டில அட்டையா?" மாமா சிரித்தார்.

"காடு எண்டா அட்டை இருக்கும்தானே?" என்றாள் உம்மா, மலைநாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளாயிற்றே! தண்ணீர்ப் போத்தலைச் சரித்து மூன்று பேர் காலுக்கும் றமீலா தாராளமாகச் சவர்க்காரம் பூசினாள். மாமாவின் காலுக்கு இரட்டைப் பூச்சு.

குளம் முழுவதும் ஆளுயரப் புல். நடுவே தண்ணீரில் மஞ்சள் மூக்கு நாரைகள் நின்றன. முகத்தில் தூசி அடிக்காமல் இருக்கக் காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு மரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

எதிர்க்காட்டில் கிளைகள் முறிந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய தலை! பின்னால் இன்னும் தலைகள். உம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் யானை தும்பிக்கையை மேலே தூக்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. மற்றவையும் போய்விட்டன.

"ராத்தா, நீங்க கதைச்சிருப்பீங்க" என்றார் மாமா.

"நான் மூச்சே விடல்ல!"

காத்திருந்தார்கள். யானைகள் மீண்டும் எட்டிப் பார்த்தன. மீண்டும் அதே தும்பிக்கை தூக்கல், அதே திரும்பல். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது.

"சரி, பைகளை எடுங்க" என்றாள் உம்மா மெதுவாக. "எனக்கு நஸீபு இல்ல, குடுத்துவைக்கல்ல. அவ்வளவுதான்."

மாமாவும் கேலி பேசவில்லை. அதுதான் றமீலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த யானை தும்பிக்கையைச் சும்மா தூக்கவில்லை. நுனியை நேரே இவர்கள் பக்கம் நீட்டியது. ஏன்? கச்சான் காற்று முதுகில் அடித்தது. ஆகஸ்டில் மலையிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட காற்று அது. உம்மாவின் முக்காட்டு நுனி குளத்தை நோக்கிப் படபடத்தது. கூடவே ஒரு மணமும் போனது. ரெங்கம்மாவின் சவர்க்கார மணம்!

றமீலாவுக்குக் கடலுக்கடியில் மிதந்துபோன மணல் மேகம் ஞாபகம் வந்தது.

"மாமா! மணல்!"

"இங்க எங்க மணல்?"

"மணல் தண்ணி போற பக்கம் போய் மீன விரட்டிச்சே, அது மாதிரி எங்கட சவர்க்கார மணம் காத்தோட போய் யானையை விரட்டுது!"

மாமா குனிந்து தன் காலை மோந்து பார்த்தார். "அல்லாஹ்! எனக்கே தும்மல் வருது. வாங்க, குளத்துல கழுவுவம்."

"வேணாம் மாமா. நனைச்சாத்தான் இன்னும் மணக்கும். கடலுக்குள்ள நீங்க மணலைக் கழுவினீங்களா? அந்தப் பக்கத்துக்குத்தானே கூட்டிப்போனீங்க!"

மாமா அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு உம்மாவின் பையையும் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

குளக்கட்டு வழியாகச் சுற்றி, யானைகள் மறைந்த காட்டையும் தாண்டி, மறுபக்கக் கரையின் மூலைக்குப் போனார்கள். இப்போது காற்று முகத்தில் அடித்தது. கண்ணில் தூசி விழுந்தது. உம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இந்தத் தூசியில யானை வந்தாலும் நான் எப்படிப் பாக்கிறது?" என்று முணுமுணுத்தாள். சவர்க்கார மணம் அவர்களுக்குப் பின்னால், யாருமில்லாத காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

யானைகள் வந்தன.

முதலில் அந்தப் பெரியது. தும்பிக்கையைத் தூக்கியது. யானை தும்பிக்கையை இறக்கிவிட்டு நேரே தண்ணீருக்குள் இறங்கியது. அதன் பின்னே கூட்டமாக மற்றவை. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்கடியிலேயே நடந்து வந்தது. புல்லை வேரோடு பிடுங்கின. உடனே தின்னவில்லை, முன்னங்காலில் 'சப் சப்' என்று அடித்துச் சேற்றை உதறிவிட்டுத்தான் வாயில் போட்டன. மண் பல்லைத் தேய்த்துவிடும் என்று யானைக்குத் தெரியும்போல.

உம்மா றமீலாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மகள்," என்றாள் காற்றைவிட மெல்லிய குரலில், "என்னக் கொஞ்சம் கிள்ளு."

றமீலா கிள்ளினாள். உம்மா சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினாள். தூங்கவில்லை. நிச்சயமாகத் தூங்கவில்லை.

கடைசி பஸ்ஸில், இரண்டு பையையும் சுமந்த களைப்பில் மாமா உட்கார்ந்ததுமே குறட்டை விட்டார். சிறிது தூரம் போனதும் பஸ் நின்றது. டிரைவர் இயந்திரத்தை அணைத்தார். முன் விளக்கின் வெளிச்சத்தில், நீண்ட தந்தங்களோடு, ஒரு தனிக் கொம்பன் றோட்டின் நடுவே நின்றிருந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

றமீலா மாமாவை எழுப்பக் கை நீட்டினாள். உம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முக்காட்டின் நுனியை விரித்து, தம்பியின் கண்ணில் வெளிச்சம் படாமல் மறைத்தாள். கொம்பன் அசைந்து அசைந்து கடந்து, காட்டுக்குள் மறைந்தது. பஸ் உறுமிக் கிளம்பியது.

மாமா கண்ணைத் திறந்தார். "பஸ் ஏன் நிண்டது?"

"ஒண்டும் இல்ல தம்பி" என்றாள் உம்மா அன்பாக. "நீ நல்லாத் தூங்கு."

எவ்வளவோ ஆண்டுகள் ஓடிவிட்டன. சிவப்புச் சவர்க்காரம் எங்கே மணந்தாலும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் பசறை மலை ஏறும்வரை உம்மா தனக்குள் சிரித்துக்கொண்டே வந்த அந்த பஸ் பயணம்தான் றமீலாவுக்கு ஞாபகம் வருகிறது.