ஆறு பத்துக்கு வந்த அழைப்பு

பகல் ஒன்றரை. பொகவந்தலாவையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில், ஜீவராணியின் வாசலில் கிஷாந்தின் பை தலைகீழாகக் கொட்டப்பட்டது. சோப்பு, போர்வை, பேரீச்சம்பழம் எல்லாம் இருந்தன. மகளின் சடங்குக்காகக் கணவன் சோலைமலை கத்தாரிலிருந்து கொடுத்தனுப்பியதாகச் சொன்ன தங்கத் தோட்டை மட்டும் காணோம்.

“பஸ்ல தூங்கிட்டேங்க. யாரோ எடுத்துட்டாங்க” என்றான் கிஷாந்த். தோஹாவில் சோலைமலையோடு வேலை பார்த்தவன். லீவில் வந்து சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

லயமே அவனைக் கள்ளன் என்றது. பொலிசுக்குச் சொல்ல ஒருவர் போனை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க” என்று குறுக்கே வந்தாள் பக்கத்து வீட்டு யூஜினா. ஒன்பது வருஷம் தோஹாவில் வீட்டு வேலை செய்தவள். ஊர் வாயை அடக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“ஜீவா, சோலைமலை கடைசியா எப்ப பேசுனாரு?”

“காலையில ஆறு பத்துக்கு, பெரட்டுக்குப் பேர் பதியப் போறதுக்கு முந்தி. கிஷாந்த தோஹா ஏர்போர்ட்ல விட்டுட்டேன், இப்பதான் உள்ள போறான்னாரு.”

“தெனமும் அந்த நேரந்தானா?”

“நாலு மாசமா. முந்தியெல்லாம் வேலை விட்டு அந்திக்குத்தான் எடுப்பாரு. இப்ப நான் மலைக்கு ஏறுறதுக்கு முந்தி என் குரலக் கேக்கணுமாம்.”

தோடு தொலைந்த துக்கத்திலும் அவள் முகம் மலர்ந்தது. மூன்று வருஷமாக அந்தக் குரலை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறாள்.

யூஜினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் இவள் தலையில் இடி விழும். மூடிக்கொண்டால் ஒரு பாவமும் அறியாதவன் பொலிசுக்குப் போவான்.

“கிஷாந்து, எத்தனை மணிக்கு பிளேன் ஏறுன?”

கிஷாந்த் குனிந்து, கொட்டிக்கிடந்த சோப்பைப் பொறுக்கத் தொடங்கினான்.

“நான் சொல்றேன். இங்க ஆறு பத்துன்னா தோஹாவுல விடியக்காலம் மூணு நாப்பது. அப்ப உள்ள போனா பிளேன் கெளம்பவே ரெண்டு மணி நேரம் ஆகும். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் பறக்கணும். கட்டுநாயக்க ஏர்போர்ட்ல எறங்கவே பகல் ஒரு மணி. நீ ஒரு மணிக்கு நம்ம கொழுந்து நிறுக்குற எடத்துல நின்ன!”

ஆள் வந்த சந்தோஷத்தில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

“ஆனா கொழும்புல ஆறு பத்துக்கு பஸ் ஏறுனா, சரியா அந்த நேரத்துக்கு வந்துறலாம். தெனமும் மூணு நாப்பதுக்கு எந்திரிச்சு எவன் போன் எடுப்பான்? ஏத்திவிட்ட ஆளு கொழும்புல இருக்காரு. தோடுன்னு ஒண்ணு இருக்கவேயில்ல. பொய் சொன்னது சோலைமலை. பெரட்டு நேரத்துக்கு ஒன்கிட்ட பேசாம இருக்க முடியல ஜீவா, அதுல மாட்டிக்கிட்டாரு.”

கிஷாந்த் உடைந்து போனான். “நான் நேத்தே வந்து எறங்கிட்டேன்க்கா. அண்ணனுக்கு வேலை போயி நாலு மாசம். கொழும்புல ஒரு கடையில கோப்பை கழுவுறாரு. வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு அழுதாரு. அதான் பழிய நான் வாங்கிக்கிட்டேன்.”

ஜீவராணி படியில் உட்கார்ந்துவிட்டாள். “பஸ் போற தூரத்துலயா இருந்தாரு?” என்று யாரிடமோ கேட்டாள். அவள் பட்ட ஏக்கத்துக்கெல்லாம் குறுக்கே நின்றது கடல் இல்லை, ஒரு மனுஷனின் வெட்கம்.

வாட்ஸ்அப்பில் இன்னமும் அதே கத்தார் நம்பர்தான். அழைத்தாள்.

“தோடு வேணாங்க. அடுத்த பஸ்ஸுல ஏறி வாங்க.”

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

“அழுறத இங்க வந்து அழுங்க” என்றாள் ஜீவராணி.