ஏரியிடம் விடைபெற்றவள்

காரின் பின்னிருக்கையில், நடுவிலிருந்த இருக்கைப் பட்டை பூட்டப்பட்டிருந்தது.

தாஹோ ஏரிக்கரை ஊரிலிருந்து ஃப்ரீமாண்ட் திரும்பிய ஜனவரி மாலையில், உறங்கிவிட்ட மகளை இறக்கக் குனிந்தபோதுதான் ஷ்யாமளா அதனைக் கண்டாள். குழந்தை அஞ்சனா சன்னலோரம் இருந்தாள். நடுவில் எவரும் அமரவில்லை. ஆயினும் அந்தக் கறுப்புப் பட்டை, வளர்ந்த ஆள் ஒருவரின் இடுப்பைச் சுற்றுவதற்கேற்ற தளர்ச்சியோடு, வெறும் காற்றைக் கட்டி வைத்திருந்தது. அதிலிருந்து பைன் மரத்தின் ஊசியிலைகளும் குளிர்ந்த கற்களும் நெடுநாள் ஊறிய நீரின் வாடை எழுந்தது.

"நீ பூட்டினியா, கண்ணா?"

"ஐ டிடின்ட், அம்மா," என்றாள் அஞ்சனா, கண் திறவாமலே.

கணவர் சுந்தரராமன் முந்தைய அக்டோபரில் காலமானார். தன்னுடைய கிரீன் கார்டு முடிவாகாத நிலையில் ஊருக்குச் செல்ல இயலாமையால், அவர் பெரிதும் விரும்பிய அந்த மலையூரின் ஏரியிலேயே, மகளைக் கரையில் நிறுத்திவிட்டு, முழங்காலளவு நீரில் நின்று ஷ்யாமளா அஸ்தியைக் கரைத்தாள். திரும்பிப் பாராமல் வரவேண்டிய இடம் அது. ஆனால் வீட்டுப்படி இறங்கும்போதெல்லாம் அவரிடம் சொல்லிப் பழகிய வாய் அங்கும் தானாகவே சொல்லிற்று: "போயிட்டு வரோம்."

அவ்வூரில் நண்பர்கள் ஆண்டு முழுவதற்கும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மரவீடு ஒன்று இருந்தது. அங்கே சென்றால் துயரம் சற்றுத் தணிவதுபோல் இருந்தமையால் அவள் பருவந்தோறும் சென்றாள். ஜனவரியில், மலைகளெல்லாம் பனி மூடியிருக்க, ஏரி மட்டும் உறையாமல் கருத்துக் கிடந்தது. ஏப்ரலில், உருகும் பனி கூரையிலிருந்து இடைவிடாது சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியெங்கும், மலை இறங்கி வறண்ட சமவெளிக்கு வந்த பின்னரும், அச்சொட்டும் ஒலி காரின் பின்னிருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தது.

பட்டை பூட்டியிருந்தது. இம்முறை ஈரமாக.

ஜூலையில் கரையெங்கும் வண்ணக் குடைகள், மாமிசம் சுடும் புகை, படகுகளின் இரைச்சல். அத்தனை கூட்டத்தின் நடுவே அஞ்சனா கணுக்காலளவு நீரில் நின்று, எவரிடமோ தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரோட பேசறே?"

"ஹி செட் யூ ப்ராமிஸ்ட்." குழந்தை ஏரியின் நீலம் கறுப்பாக மாறும் இடத்தைக் காட்டினாள். "நெக்ஸ்ட் டைம் ஐ கெட் டு ஸ்டே."

"அப்பாவா சொன்னார்?"

அஞ்சனா சற்று யோசித்தாள். "நோ. ஹி ஜஸ்ட் ஹாஸ் அப்பா'ஸ் வாய்ஸ்."

அன்றே மூட்டை கட்டினாள் ஷ்யாமளா. கரையில் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த தெருவிலிருந்த காமாக்ஷி மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அசடே! சாவு வீட்டுலேர்ந்தே சொல்லிக்காமத்தானேடி கிளம்புவோம்? அஸ்தி கரைச்ச எடத்துல போயா போயிட்டு வரோம்னு சொல்லுவா? ஆபீஸ்ல கம்ப்யூட்டரோட ஒய்டூகே கோளாறெல்லாம் ஃபிக்ஸ் பண்றியாம், இது தெரியலையே!"

"வாய்தவறி வந்துடுத்து மாமி."

"குழந்தையையும் சேர்த்துன்னா சொல்லியிருக்கே. தனியா ஒருதடவை போய், இனிமே வரமாட்டோம்னு சொல்லிட்டு வந்துடேன்."

"திரும்பப் போனா, அது கூப்பிட்டு நான் போன மாதிரி ஆயிடும். போமாட்டேன். என்ன பண்ணிடும், பாக்கலாம்."

மரவீட்டின் சாவியை நண்பர்களிடம் திருப்பிக் கொடுத்தாள். நடுப்பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். ஆகஸ்டு கடந்தது. செப்டம்பர் கடந்தது. சொட்டும் ஒலி இல்லை, வாடை இல்லை.

அக்டோபரில் வருஷத் திதி வந்தது. அன்று மாலை டேகேரிலிருந்து அஞ்சனாவை அழைத்துக்கொண்டு, நேரே மாமி வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். விளக்குகள் இன்னும் ஏற்றப்படவில்லை. மாமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஷ்யாமளா சாவியை உருவி எடுத்தாள்.

சொட்டு.

ஊசியிலை வாடை.

சொட்டு.

திரும்பிப் பார்த்தாள். வெட்டி எறிந்த பட்டை அங்கே இருந்தது. முழுதாக, நீர் வழிய. அது இருக்கையின் மேல் மெல்ல ஊர்ந்து, அஞ்சனாவின் மடியை நோக்கி நீண்டது.

"ஷ்யாமா..." சுந்தரராமனின் குரல். அவர் அவளை ஒருநாளும் அவ்வாறு அழைத்ததில்லை.

அவள் அலறவில்லை. இறங்கினாள். பின்கதவைத் திறந்தாள். குழந்தையின் பூட்டை விடுவித்து, அள்ளி, மாமியின் கைகளில் திணித்தாள்.

"உள்ளே அழைச்சிண்டு போங்கோ மாமி! கதவைச் சாத்துங்கோ!"

மாமியின் கைகளில் தொங்கிய அஞ்சனாவின் காலணியை நோக்கிப் பட்டை எழும்பியது. ஷ்யாமளா அதனைக் கையால் பற்றினாள். எலும்புவரை குளிர்ந்தது. விடவில்லை. உள்ளே ஏறி, ஈரத்தில், நடுவில் அமர்ந்தாள்.

"சொன்னவ நான். என்னோட பேசு. அவ வரமாட்டா."

பட்டை அவள் இடுப்பைச் சுற்றியது. பூட்டிக்கொண்டது. இறுகியது.

"நானும் வரமாட்டேன்."

காரின் கதவு தானாக மூடியது. மாமி வீட்டுக் கதவும் மூடிய ஓசை கேட்டது. நல்லது. குழந்தை உள்ளே. கார்ச்சாவி தன் கைக்குள்தான் இருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் பதிய அழுத்தினாள்.

நீர் பாதத்தைத் தொட்டது. கணுக்காலைத் தொட்டது.

"வரமாட்டேன்."

முன்னே, ஓட்டுநர் இருக்கையின் பட்டை தானாக நீண்டு, காற்றில் ஓர் அகன்ற மார்பின் வளைவைச் சுற்றி, சொடுக்கென்று பூட்டிக்கொண்டது.