தோணிக்காரர்களின் வாக்கு

காலை ஆறு மணிக்கு அலுவலகம் வந்த அஞ்சுகம், அன்றைக்குக் காற்று எந்தத் திசையில் வீச வேண்டும் என்பதைக் கருவியில் பதிந்துவிட்டுக் காப்பி குடித்தாள். வியாழனின் யூரோப்பா நிலவில், பனிக்கு அடியில் பிறந்தவள் அவள். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் முகத்தில் ஒருமுறைகூடக் காற்று பட்டதில்லை.

பனிநகரின் எழுபதாயிரம் பேரும் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்செதில் வழியாக 'ஆழி' என்ற விளையாட்டின் ஒரே கடலில் மனத்தாலேயே பாய்மரக்கலம் ஓட்டினார்கள். ஆண்டுக்கொரு பெரும்பந்தயம். முதலில் கரைசேரும் ஐந்நூறு பேருக்கு ஆறு மாதம் ஒளியறையில் வாசம். வெயிலைப் போன்ற அந்த வெளிச்சம் படாத எலும்பு அங்கே மெல்ல மெல்லப் பொடியாகிவிடும். சிபாரிசுக்கு இடம் இருக்கக் கூடாது என்றுதான் முன்னோர் இதை விளையாட்டின் கையில் விட்டார்கள்.

அஞ்சுகத்தின் அண்ணன் மருதவாணன் கடைசித் தளத்தில் நீரேற்றிகளைப் பார்த்துக்கொள்பவன். இந்த ஆண்டும் ஒளியறை கிடைக்காவிட்டால் இடுப்பு எலும்பு தாங்காது, பிறகு நடக்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் கெட்டிக்கார ஓட்டி. போன பந்தயத்தில் அறுபத்து மூவாயிரம் தோணிகளில் நாற்பதாவதாக வந்தான். ஆனால் அந்த நாற்பது தோணிகளுக்கும் முன்பாக ஏழாயிரம் மூன்றுபாய்க் கப்பல்களும் கரைசேர்ந்திருந்தன.

காரணம் அவளுக்குக் காற்றுக் கணக்கு படிக்கப் போன மாலை வகுப்பில்தான் பிடிபட்டது. பின்காற்றில் பெரிய பாய் பறக்கும். எதிர்காற்றில் சிறிய தோணிதான் வளைந்து வளைந்து முன்னேறும். ஆழியின் பந்தயப் பாதையிலோ சட்டப்படி புறப்படும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை பின்காற்று மட்டுமே. அவள் சோதனைக் கருவியில் மட்டும் பாதிக் கடலில் காற்றைத் திருப்பினாள். அண்ணனின் போன ஆண்டு ஓட்டத்தை அந்தக் காற்றில் நானூறு முறை ஓட்டிப் பார்த்தாள். முந்நூற்று அறுபது முறை அவன் ஐந்நூறு பேருக்குள் வந்தான். தன் கணக்கின்மேல் அவளுக்கு நம்பிக்கை வருவதில்லை. இன்னொரு நானூறு முறை ஓட்டினாள். அப்போதும் கிட்டத்தட்ட அதே விடைதான்.

அவள் வேலை பார்த்த காற்றுப்பிரிவின் தலைவர் தணிகாசலம் மூன்றுபாய்க் கப்பல்காரர். பந்தயக் காற்றை மாற்றச் சொல்லி அவள் எழுதிய அறிக்கையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, எதிர்காத்துன்னு எழுதியிருக்கியே, அது எப்படி இருக்கும்னு உன் வாத்தியாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார். கணக்கு தெரியும்."

"சரி, சட்டப்படி வாக்கெடுப்புக்கு விட்டுடறேன். ஊரே தோணிக்காரங்க. எங்களை முழுகடிக்கணும்னு முடிவு பண்ணிட்டே!"

தோல்வியை ஒப்புக்கொண்டவர்போல் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தோணிக்காரருக்கும் அஞ்சுகம் விளக்கத்தாள் அனுப்பினாள். புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதை மூன்று முறை எளிமையாக்கினாள்.

நான்காம் நாள் முடிவு வந்தது. மாற்றத்துக்கு எதிராக அறுபத்தையாயிரம் வாக்குகள்.

கூட்டலில்தான் எங்கோ பிழை என்று நினைத்தாள். பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு தளமாகக் கூட்டினாள். பிழையே இல்லை. வேலை முடிந்ததும் நேராகக் கடைசித் தளத்துக்கு இறங்கினாள். மருதவாணன் நீரேற்றியின் சூட்டில் இடுப்பை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, கப்பல்காரங்க மொத்தமே ஏழாயிரம். மத்த வாக்கெல்லாம் யாரோடது?"

"எங்களோடதுதான். நானும் வேணாம்னுதான் போட்டேன்."

அவள் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"கோவிச்சுக்காதே அஞ்சு. கப்பல் கேட்டு வரிசையில நிக்கறேன்ல? நாளைக்கே கப்பல் கைக்கு வருதுன்னு வை. அந்த நேரம் பாத்து காத்தைத் திருப்பி விட்டா என் கதி என்ன?"

"வரிசையில உன் எண் என்ன?"

"நாப்பத்தோராயிரத்து இருநூத்தி இருபது. போன வருஷம் நாப்பத்தோராயிரத்து முந்நூத்திப் பத்து." அவன் முகத்தில் பெருமை தெரிந்தது.

"வருஷத்துக்குத் தொண்ணூறு கப்பல்தான் காலியாகுது. அப்படின்னா இன்னும் நானூத்தி ஐம்பத்தெட்டு வருஷம் ஆகும்ணா."

"வரிசை நகருதுல்ல?"

"அதுக்குள்ள உன் இடுப்பு போயிடும். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"கப்பல் ஓட்டறதுக்கு இடுப்பு எதுக்குடி?" அவன் சிரிக்கப் பார்த்தான். வலியில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

எழுந்திருக்க அவன் கை நீட்டினான். அவள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். நின்றபடி, நீரேற்றியின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும், அவள் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அஞ்சு, நீதான் காத்துப்பிரிவுல இருக்கியே. எனக்குக் கப்பல் வந்ததுக்கப்புறம் இந்தத் தோணிகளோட வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைச்சு விட முடியுமா பாரேன்."