நெசவாலைக்கு மேலே ஒரு வீடு

கீழே நெசவாலை, தெருப்பக்கம் இரண்டு கடைகள், மேலே வீடு. காத்தான்குடியில் வாவிக்கரைச் சந்து ஒன்றில் பதியுதீன் மாமா கட்டிய கட்டிடம் அது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் ஆலையா என்று அயலவர்கள் குமுறத்தான் செய்தார்கள். தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரைக்குள் இருந்தால்தான் ஊர் உருப்படும் என்று மாமா எல்லோரையும் பேசியே மடக்கினார். பேச்சில் அவரை யார் வெல்வது?

உடன்பிறந்தவளின் மகள் நஸ்ஹாவையும் அப்படித்தான் மடக்கியிருந்தார். நிலம் அவளைப் பெற்ற உம்மா உம்மு குல்தூம் குவைத்தில் வீட்டுவேலை செய்து வாங்கியது. போன வருடம் உம்மா அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானாள். முகம் பார்க்கக்கூட மகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. "கீழ எனக்குத் தறி, மேல ஒனக்கு வீடு புள்ள" என்று சொல்லி மாமா நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பெண்ணுக்கு வீடு இல்லாமல் இந்த ஊரில் கல்யாணம் நடக்காது. நஸ்ஹாவின் நிக்காஹ் அடுத்த மாதம்.

அந்த மழைப் பின்னேரம் அவள் மாமாவோடு வீட்டைப் பார்க்க வந்தாள். புதுப் பெயின்ற் வாசத்தோடு கீழிருந்து சாய நெடியும் ஏறி வந்தது. தறிகளின் அதிர்வு பாதத்தில் குறுகுறுத்தது. மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவிக்கப்படாது புள்ள. இந்த வீட்ட என்ட மகளுக்குக் குடுக்கப் போறன்."

"அப்ப எனக்கு, மாமா?"

"அது பொறகு பாப்பம்."

பாவி மனுசன், உம்மாவின் கூடப்பிறந்தவன் செய்கிற வேலையா இது? அவள் வாயைத் திறப்பதற்குள் மின்சாரம் போனது. தறிகள் எல்லாம் அடங்கின. கீழே வேலையாட்கள் பேசியபடி வெளியேறினார்கள். பிறகு வாவியில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

தடக். தடக்.

ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இல்லாம எப்பிடி ஓடுது?" என்று நஸ்ஹா மெதுவாகக் கேட்டாள்.

மாமா போன் வெளிச்சத்தில் படி இறங்கினார். அவளும் பின்னால் போனாள்.

ஆலைக்குள் யாரும் இல்லை. இறந்தவரின் மையித்துக்குப் போடும் கற்பூர வாசம் மூக்கை அடைத்தது. நீல நூல் பூட்டிய, லுங்கிச் சாரம் நெய்யும் தறியிலிருந்து வெள்ளைத் துணி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் அதே துணி துண்டு துண்டாக வெட்டி மடித்திருந்தது.

மையித்தைச் சுற்றும் கபன் துணி.

"எனக்கா?" என்றார் மாமா. துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆண் மையித்துக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து.

"அஞ்சு" என்றார். மூச்சு விட்டார். சிரித்தே விட்டார். "எனக்கில்ல."

பிறகு, அந்த வீட்டுக்கு வரப்போகும் தன் மகளின் நினைவு வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. சட்டென்று நஸ்ஹாவின் கையில் வீட்டுச் சாவியைத் திணித்தார்.

"வீடு ஒனக்குத்தான் புள்ள. நீயே இரி. என்ட மகளுக்கு வேணா."

அவர் மழையில் இறங்கி ஓடினார். வீட்டுச் சாவி கைக்குள் கிடந்தும் அவளுக்கு அழுகைதான் வந்தது.

"உம்மா, இது உங்கட கபனா?" அவள் இருட்டைப் பார்த்துக் கேட்டாள். "என்டதா?"

தறி நின்றது.

பின்னால் நின்று யாரோ ஈரத் துணி ஒன்றை அவள் உச்சந்தலையில் வைத்து, நிதானமாகக் கால்வரை இறக்கி அளந்தார்கள்.